இடப்பக்கம் புடைத்த சீற்

மோட்டார் சைக்கிள் சீற் தைக்கிறவனுக்கு ஆட்களை முகத்தில் அடையாளம் தெரியாது, அவர்கள் இருந்து எழும்பின பள்ளத்தில்தான் தெரியும். ஊசி பிடித்தோ, கோப்பை கழுவியோ, பெட்டி தூக்கியோ முதுகு வளைந்து, பின்னேர ரயிலில் இருக்க இடமில்லாமல் நின்றபடி வீடு போன எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான். உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் காது நல்ல காது. ஆர் எப்போது என்ன சொன்னார் என்பது அப்படியே உள்ளே கிடக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லா சப்பலில் தமிழ்க் கடைகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். ரூ பஜோலுக்குப் பக்கத்தில், தெருவை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு முற்றத்தில், கண்ணாடிக் கூரை போட்ட பட்டறையில் எனக்கு வேலை. பழைய மோட்டார் சைக்கிள்களின் கிழிந்த சீற்றுகளைத் திருத்துவது, திருத்த ஏலாதவற்றைப் புதிதாகக் கட்டுவது. மத்தியானத்தில் கூரையால் வெயில் மெல்ல இறங்கி வரும். சுவரில் கொழுவிய சீற்றுகள் எல்லாம் நித்திரை கொள்கிற ஆட்டுக்குட்டிகள் மாதிரித் தொங்கும். தோலும் பசையும் கலந்த அந்த மணத்துக்குள் நான் கண்ணைத் திறந்தபடியே கனவு கண்ட நாட்கள் கனக்க.

கண்ணை மூடி ஓடின ஓட்டம்

முதலாளியை இங்கே பத்ரோன் என்பார்கள். எங்கள் பத்ரோனின் பெயர் ரெனே. முதல் நாள் ஒரு சீற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், கிழிசலை விரலால் காட்டினார், போய்விட்டார். எனக்குப் பிரெஞ்சில் 'ஓம்' சொல்லவும் 'நன்றி' சொல்லவும் மட்டும்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய சீற்றைப் பிரிக்க முன்னம் அதில் ஒருக்கால் இருந்து பார்க்க வேண்டும். ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறவர், எந்தச் சுருள் கம்பி களைத்துப் போச்சு எல்லாம் உடம்புக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கத்தி எடுப்பது. நானும் சீற்றை இரண்டு மரக்குற்றிகளில் வைத்து, ஏறி இருந்து, கண்ணை மூடி, இல்லாத கைபிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இடமும் வலமும் சாய்ந்தேன். கண்ணைத் திறந்தால் முன்னால் பத்ரோன். இடுப்பில் கை வைத்தபடி ஏதோ கேட்டார். மூலையில் தையல் மிசினில் இருந்தவர் அலோசியஸ், மன்னார் ஆள், எனக்கு முன்னமே வந்து பாஷை பிடித்தவர். எந்தப் பிரெஞ்சும் அவருடைய வாயால் எங்கள் தமிழாகத்தான் வெளியே வரும். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அண்ணை, பத்ரோன் கேக்கிறார், எவ்வளவு தூரம் ஓடிப்போட்டு வாறியள் எண்டு."

மழை குடித்த பாண்காரர்

பேக்கரியில் பாண் போடுகிற ஒருவர் நல்ல வெயில் நாளில் வந்தார். களிசானின் பின்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. அவருடைய சீற்றில் தோல் மாதிரியான ரெக்ஸின் வெடித்து, உள்ளே இருந்த பஞ்சு மழையைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போயிருந்தது. பஞ்சை மாற்றி, புது ரெக்ஸின் இழுத்து, நடுவால் ஒரு வடிவான இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பவும் அதே ஈரத்தோடு வந்து நிற்கிறார்.

பிழை என்னுடையதுதான். எங்கள் ஊர் மழை கொட்டும், ஓடும், வெயில் வந்து துடைத்துவிடும். பாரிஸ் மழைக்கு அந்த அவசரம் இல்லை. அது நூல் போன ஓட்டை ஒவ்வொன்றிலும் வந்து குந்தி, மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஆள் இருக்கிற பள்ளத்தில் தையல் வரக்கூடாது, கரைக்குத் தள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். மூன்றாம் நாள் திருத்தின சீற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாண்காரர் சொன்னார்: "பாரிஸ் முழுக்க மழையை மறந்தாப்பிறகும் என்ரை களிசான் மட்டும் மறக்காமல் இருந்தது. இனியெண்டாலும் மறக்குதோ பாப்பம்."

சுருட்டி வைத்த மெத்தை

மூன்று மாதம் பார்த்துத்தான் பத்ரோன் நிரந்தரமாக எடுப்பார். எடுத்தால் கொந்திரா என்கிற வேலைப் பத்திரம் எழுதித் தருவார். அந்தத் தாள் இல்லாதவனுக்கு இந்த ஊரில் ஒருவரும் வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள். நானும் மனுசி பரமேசும் அப்போது பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில், அவளுடைய ஒன்றுவிட்ட தமையன் வீட்டு முன்னறையில். எபினே என்கிற இன்னோர் ஊரில் ஒரு கிழவி தன் வீட்டில் ஓர் அறையை எங்களுக்காக மாத முடிவு வரைக்கும் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம் தெரிகிற அறை. பரமேஸ் அதை ஒருக்கால்தான் பார்த்தாள். பிறகு ரயிலில் வரும்போதெல்லாம் கண்ணை மூடி, அடுப்பை எங்கே வைப்பது, சாமிப் படத்தை எங்கே மாட்டுவது என்று யோசித்தபடி வருவாள்.

தமையன் வீட்டுப் பிள்ளைகள் எழும்ப முன்னம் நாங்கள் படுத்த மெத்தையைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். ஒரு காலமை நான் வேலைக்கு வெளிக்கிட, மெத்தைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "ஊர் உலகத்துக்கெல்லாம் மெத்தை கட்டிக் குடுக்கிறியள், எங்கடை மெத்தையை நான் ஒவ்வொரு நாளும் சுருட்டுறன்."

மதாம் ஏறாத ஒன்பது வருஷம்

மாத முடிவுக்கு ஐந்து நாள் இருக்க, திங்கட்கிழமை முசியே மார்செல் வந்தார். ரயில் ஓட்டி இளைப்பாறியவர், பத்ரோனின் பழைய சினேகிதர். கலியாணம் கட்டின வருஷம் வாங்கிய மோட்டார் சைக்கிள். இரண்டு பேர் இருக்கிற நீட்டுச் சீற் பாறி, கரையெல்லாம் கிழிந்து தும்பு தள்ளிக்கொண்டிருந்தது. புதுத் தோலும் தானே கொண்டுவந்திருந்தார், மண்ணிறத்தில், அளவாக ஒரு துண்டு. அலோசியஸ் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணை, இதுதான் உங்கடை சோதினை. வெள்ளிக்கிழமை இவர் தலையாட்டினா பத்ரோன் கொந்திராவிலை கையெழுத்து வைப்பாராம்."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நான் ஏறி இருந்தேன். முன்பக்கம் நல்ல பள்ளம், ஒரு மனிதர் அரை ஆயுள் இருந்த பள்ளம். பின்பக்கத்துக்கு நகர்ந்தேன். அங்கே கம்பிகள் விறைத்து நின்றன. தையலுக்குள் தூசு படிந்து காய்ந்திருந்தது. கன காலம் ஒருவரும் இருக்காத வீட்டுக் கதிரை மாதிரி. மார்செல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிற போக்கில் சொன்னார்: "என்ரை மனுசி ஒடெத் ஒன்பது வருஷமா ஏறேல்லை. சீற் குத்துதாம். நல்லாக் கட்டினா ஏறுவன் எண்டு சொல்லியிருக்கிறா."

கை போன வழி

அடித்தகட்டின் துருக் கறளைச் சுரண்டினேன். கம்பிகளை மாற்றினேன். மேலே சாக்கு விரித்து, குதிரை மயிரைக் கையால் பிய்த்துப் பிய்த்து நிரவினேன். புதன்கிழமையோடு முன்பக்கம் முடிந்தது. வியாழன் பின்னேரம் மிஞ்சினது மதாமின் பக்கம். அன்றைக்குக் கண்ணாடிக் கூரையால் இறங்கின வெயில் தேன் மாதிரி இருந்தது. அலோசியஸின் மிசின் தூரத்து மழை மாதிரிக் கேட்டது. ஒரு மனுசிக்கு நோகாமல் இருக்கக் கட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு நான் கையை விட்டேன், கை தன் பாட்டில் போச்சு.

யாழ்ப்பாணத்து எங்கள் பட்டறையில் பெண்கள் இருக்கிற பக்கத்தை ஆண்களுக்குக் கட்டுகிற மாதிரிக் கட்டுவதில்லை. சீலை கட்டின ஆள் காலை இரண்டு பக்கமும் போட்டு இருக்க மாட்டாள், இரண்டு காலும் இடப்பக்கம் தொங்கும். அதனால் இடக்கரையை அகலமாக, தட்டையாக, வழுக்காமல் இருக்க விளிம்பில் கொஞ்சம் புடைப்பாகக் கட்டுவோம். பிடிக்கிற வாரை நடுவில் போடாமல் பின்னால் போடுவோம். பரமேசுக்கும் அப்படி ஒன்று கட்டி ஏற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த வியாழன் மதாமுக்கும் அதையே கட்டினேன், அதற்கு மேலேயே மார்செலின் தோலையும் வெட்டித் தைத்தேன். முடித்துத் துடைத்துப் பார்த்தால் எனக்குக் கண் நிறைந்து போச்சு. ஒரு பிழையும் தெரியவில்லை. வெள்ளி காலமை மார்செலின் மோட்டார் சைக்கிளில் அதைப் பூட்டிவிட்டு நிமிர, அலோசியஸ் பின்னால் வந்து நின்று பார்த்தார். வாசலில் மார்செலின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அலோசியஸ் மெல்லமாகச் சொன்னார்: "அண்ணை, மதாம் இண்டைக்குச் சீலை கட்டிக்கொண்டோ வாறா?"

ஒடெத் சொன்னது

மார்செல் முன்பக்கத்தைத் தடவினார், முகம் மலர்ந்தது. கை பின்னால் போய் இடக்கரைப் புடைப்பில் நின்றது, முகம் சுருங்கினது. பத்ரோன் வந்து பெருவிரலால் அமத்திப் பார்த்தார். இங்கே பெண்கள் குதிரையில் ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருப்பார்கள் என்று அலோசியஸ் எனக்குச் சொல்லச் சொல்ல, நான் வளைந்த ஊசியைப் பிடித்தபடி நின்றேன். பிரித்துக் கட்டலாம் என்றால் மிச்சம் ஒரு துண்டுத் தோல் இல்லை. எபினே அறையின் கதவு எனக்குள் மெல்லச் சாத்துப்பட்டது. அதில் சத்தம்கூட வரவில்லை.

வாசலில் ஒரு மனுசி பொல்லை ஊன்றியபடி நின்றதை அப்போதுதான் கண்டோம். மதாம் ஒடெத். மெத்ரோவில் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறா. கிட்ட வந்து, பத்ரோனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, புடைப்பை விரலால் தொட்டு இது என்னத்துக்கு என்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினா. எனக்குப் பாஷை இல்லை. அதனால் ஏறி இருந்து காட்டினேன். முழங்காலை ஒட்டி, இரண்டு காலையும் இடப்பக்கம் விட்டு, ஒரு கையால் பின் வாரைப் பிடித்து, மற்றக் கையை முன்னால் இல்லாத ஓர் இடுப்பைச் சுற்றிப் போட்டு. பத்ரோனுக்குச் சிரிப்பு வந்தது. மதாமுக்கு வரவில்லை. நான் இறங்கினவுடன் பொல்லை என்னிடம் தந்தா. மார்செல் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, சீற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, குசினிக் கதிரையில் இருக்கிற மாதிரி மெல்ல இருந்தா. கால் இரண்டும் மிதியில் சேர்ந்தன. கூரையில் ஒரு புறா நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு மார்செலின் முதுகைப் பார்த்தபடி சொன்னா. அலோசியஸ் அதை எனக்குத் திருப்பிச் சொல்லும்போது தன் குரலையும் தணித்துக்கொண்டார்: "சீற்றிலை ஒரு பிழையும் இருக்கேல்லை, மார்செல். என்ரை இடுப்பு காலைத் தூக்க விடுகுதில்லை. அதை உனக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."

முற்றத்துக்குள் ஒரு பயணம்

மார்செல் மூக்கை உறிஞ்சினார், ஏறினார், உதைத்தார், எஞ்சின் பிடித்தது. தெருவில் இப்படி ஒருபக்கமாக ஏற்றிப் போனால் பொலிஸ் மறிக்கும் என்று பத்ரோன் கத்தினார். அவர்கள் தெருவுக்குப் போகவில்லை. முற்றத்துக்குள்ளேயே, நடக்கிற வேகத்தில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மதாமின் கை அவருடைய இடுப்பில். ஒவ்வொரு சுற்றிலும் ஒருக்கால் வெயிலுக்குள் வந்தார்கள், ஒருக்கால் நிழலுக்குள் மறைந்தார்கள். நான் பொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று சுற்றாக இருக்கும். எனக்கு அது இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசிச் சுற்றில் மார்செல் பத்ரோனைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருக்கால் ஆட்டியிருந்தாலே போதும், அவர் வாசல் வரைக்கும் ஆட்டிக்கொண்டே போனார். பத்ரோன் உள்ளே போய்த் தாளோடு வந்தார், நான் தமிழில் கையெழுத்து வைத்தேன். பேனையை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அலோசியஸிடம் அவர் சொன்னார்: "இவர் கனவு காணுறதெண்டாக் காணட்டும். ஆனா தைக்க முன்னம் ஆர் இருக்கப்போகினம் எண்டு ஒருக்கால் கேக்கச் சொல்லு."

பிழையில்லாமல் தைத்த சீற்றுகளில் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் ஏறிப் போய்விட்டார்கள், பிழையாகத் தைத்த ஒன்றுதான் பரமேசின் கையில் எபினே அறைப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தந்தது.