பெரியப்பா வீட்டு லீக்ஸ்

பெரியப்பாவின் லீக்ஸ் எங்களுடையதைவிடப் பச்சையாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இரண்டு மரக்கறிப் பாத்திகள், இரண்டிலும் வெங்காயத்தாள் மாதிரி வளரும் லீக்ஸ். நடுவில் ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடுவதற்கு. இந்தப் பக்கம் அப்பாவுடையது, அந்தப் பக்கம் அவருடைய அண்ணனுடையது. கொழுந்துச் சம்பளம் சாப்பாட்டுக்கே சரியாகப் போகும். பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்து, தீபாவளிச் சட்டை எல்லாம் பாத்தியிலிருந்துதான் வரவேண்டும்.

எனக்குப் பத்து வயதான வருடம் அரசாங்கம் உர மானியத்தை நிறுத்தியது. கடையில் விலை கேட்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

"இனிமே சாணிதான். அந்த வெலைக்கு மூட்டையத் தொட்டுப் பாக்கக்கூட முடியாது."

எங்கள் லீக்ஸ் மஞ்சளடித்து மெலிந்தது. பெரியப்பா மட்டும் எப்படியோ ஒரு மூட்டை யூரியா கொண்டுவந்து இறக்கினார். எப்படி என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? பேசாமப் படி."

பெரியப்பாவின் மகளுக்குப் பதினாறு வயது. அக்கா பாட்டு முணுமுணுத்தபடி அந்தப் பச்சைக்கு நடுவில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என்னைப் பார்த்துத்தான் பாடுகிறாள் என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை, பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு, அவர்களுடைய மூட்டையிலிருந்து என் சாப்பாட்டுப் பெட்டி நிறைய யூரியாவை அள்ளினேன். எங்கள் லீக்ஸின் அடியில் தாராளமாகக் கொட்டினேன். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியாது. சில நாட்களில் நுனி கருகி, முழுப் பாத்தியும் சாய்ந்துவிட்டது.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பெரியப்பா கானைத் தாண்டி வந்து குனிந்தார். கரையாமல் கிடந்த வெள்ளை மணி ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பனி பட்டுக் கருகிருச்சுடா தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்த மணியைக் கானில் சுண்டிவிட்டுப் போனார்.

அடி தப்பியதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் பச்சை இன்னும் அந்தப் பக்கமே இருந்தது.

அடுத்த மாதம் அக்கா கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் புறப்பட்டாள். புதுச் செருப்பு, புதுக் கைப்பை. அவளுடைய பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டாமாம். லீக்ஸும் அவர்களுக்கு, கொழும்பும் அவர்களுக்கா என்று நான் உள்ளுக்குள் வெந்தேன்.

"போயிட்டு வாறேன் பாப்பா. ஒனக்கு என்ன வாங்கிட்டு வர?"

"ஒண்ணும் வேணாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நகர்ந்தபோது பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வளைவுவரை கூடவே நடந்தார். பெரியப்பா ரோட்டுப் பக்கமே வரவில்லை. பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், களையே இல்லாத இடத்தில்.

அக்காவின் சம்பளத்துக்கு அந்தக் கடைக்காரர் கொடுத்த முன்பணத்தில்தான் அந்த யூரியா மூட்டை வந்தது என்று அம்மா சொன்னபோது எனக்கும் பதினாறு ஆகியிருந்தது. அன்றைக்கு ரோட்டில் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளுக்கு ஜன்னலோரச் சீட் கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான்.