எபிசனின் இரண்டு காயில்

எபிசனுக்கு ஒரு பொருள் மூடியிருந்தால் பிடிக்காது. திறந்து பார்த்தாக வேண்டும். மிக்சியோ, பக்கத்து வீட்டுக்காரன் புதிதாக வாங்கிவந்த இன்வெர்ட்டரோ, நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே கை அதன் ஸ்க்ரூவைத் தடவ ஆரம்பித்துவிடும். குழித்துறை ஜங்ஷனில் ஃபேனுக்கும் பம்புசெட் மோட்டாருக்கும் காயில் கட்டிக் கொடுக்கிற கடை வைத்திருந்ததால் இந்த வியாதி அவனுக்குச் சோறும் போட்டது. மற்றபடி ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரத் தெரியாத மனிதன். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரும் கூடவே ஆடும். அவன் மனைவி ரெஜிலா அந்த டம்ளரைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள்.

அந்தக் கால் ஆடாமல் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சபையில், பாடகர் குழுவின் ஓரத்தில், பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம். மீசை அரும்பிய நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறான். பேஸ் கிட்டார் என்பது ஒரு துரதிர்ஷ்டம் பிடித்த வாத்தியம். அது இருந்தால் பாட்டுக்குத் தரை கிடைக்கும், ஆனால் தரையை யார் பார்க்கிறார்கள்? கல்யாணமான புதிதில் ஒரு பண்டிகை ஆராதனை முடிந்து, எப்படி இருந்தது என்று ரெஜிலாவிடம் ஆசையாகக் கேட்டான். ஆன்ஸ்லின் கீபோர்டு நன்றாக வாசித்ததாகச் சொன்னாள். உன்னுடையது எது என்றும் கேட்டாள், பாவம், உண்மையாகவே தெரியாமல்தான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அது முள்ளாகக் கிடந்தது. இத்தனை வருஷம் வாசித்தும், நேற்று நீ வாசித்தது நன்றாக இருந்தது என்று ஒரு மனுஷர்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் கவனித்தார்கள். எதை என்றால், இரைச்சலை.

கொரோனா வந்துபோன பிறகு சபை ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போட ஆரம்பித்தார்கள். சபையில் பாதிப் பேருடைய பிள்ளைகள் வளைகுடாவில். அங்கே அவர்கள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டார்கள். ஊரில் ஃபேன் சத்தத்திலும் குழந்தைகளின் அழுகையிலும் யாருக்கும் கேட்காத ஒன்று அவர்களுக்குக் கேட்டது. மெதுவான பாட்டு வரும்போதெல்லாம் அடியில் 'உர்ர்ர்' என்று ஓர் ஓசை. கோயிலுக்குள்ளே லாரி நிறுத்தியிருக்கிறீர்களா என்று பஹ்ரைனில் இருந்து ஒருவன் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. லாரி எது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எபிசனின் கிட்டார்தான்.

சபைச் செயலர் குமாரதாஸ் நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் தோளில் கைபோட்டுத்தான் சொல்வார். சபை நாள் வருகிறது, வெளியூர்ப் போதகர்கள் வருவார்கள், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கமிட்டி உட்காரும். அதற்குள் இரைச்சல் நிற்காவிட்டால் கிட்டாரை அலமாரியில் வைத்துவிடலாம், ஆன்ஸ்லினின் கீபோர்டில் இடது கைப் பக்கம் அதே சத்தம் வருகிறதாம் என்றார். "நீ மனசுல வைக்காண்டாம் மக்கா. உனக்கும் ஒரு ரெஸ்ட் ஆச்சில்லியா" என்று தட்டிக் கொடுத்தார்.

எபிசனுக்கு ரெஸ்ட். மீனுக்குக் கரையில் கட்டில் போட்டுக் கொடுத்தது போல இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முழு ஆராதனையைக் கடப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. கடையில் மோட்டார்கள் குடல் சரிந்து கிடந்தன. இவன் கண்ணில் பட்ட பேஸ் கிட்டாரையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டு திரிந்தான். தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த மியூசிக் பார்ட்டிக்காரன் சாப்பிடப் போன சமயம் பார்த்து அவன் கிட்டாரின் மூடியைக் கழற்றிவிட்டான். பார்ட்டிக்காரன் கை கழுவாமலே ஓடிவந்தான். பக்கத்து டவுனில் வாத்தியக்கடைக்காரர் எபிசனின் பைக்கைக் கண்டாலே பேஸ் கிட்டார்களை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவார் என்று ஊரில் பேச்சு. வெறும் பேச்சில்லை, உண்மைதான்.

பார்த்தவரை அவனுக்குப் பிடிபட்டது இதுதான். கம்பிகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டை இருக்கிறதே, பிக்கப் என்பார்கள், அதற்குள் காந்தமும் அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கும். மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் ஊறும், அதுதான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சத்தமாகிறது. ஆனால் காயிலுக்கு நல்லது கெட்டது தெரியாது. டியூப்லைட்டு, ஃபேன் ரெகுலேட்டர், வீடியோ எடுக்கிறவர்களின் கம்ப்யூட்டர் எல்லாம் காற்றில் விடுகிற முனகலையும் சேர்த்தே பிடித்து அனுப்பும். இதற்கு ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு வழி பண்ணியிருக்கிறான். ஒருவன் காயிலை இரண்டு துண்டாக வெட்டி, இரண்டு கம்பிக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தான். இன்னொருவன் ஒரே மூடிக்குள் இரண்டு காயிலைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தான். வேறொருவன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். கீழே இருப்பது பாட்டைக் கேட்பதற்கில்லை, இரைச்சலைக் கேட்பதற்கு மட்டும். எப்படி வைத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றே. ஒரு காயில் தள்ளுகிற இரைச்சலை மற்றது இழுத்துவிடும். இரண்டும் கூடும்போது இரைச்சல் பூஜ்யம்.

எபிசனின் கிட்டாரிலும் நீளமாக இரண்டு காயில் இருந்தன, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். மலிவான சரக்கு. செய்தவன் இரண்டையும் ஒரே வாக்கில் கட்டி, ஒரே வாக்கில் மாட்டி அனுப்பியிருந்தான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து முனகின. புது பிக்கப் வாங்கிப் போட்டிருக்கலாம்தான். காயில் கட்டுகிறவன் காயிலை விலைக்கு வாங்குவதா என்று ஒரு வீம்பு.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குச் சட்டென்று விளங்கியது. மோட்டார் பின்பக்கமாகச் சுற்றினால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு ஒயரை மாற்றிப் போடுகிறோம். அவ்வளவுதானே. பின் காயிலின் ஒயர் இரண்டையும் தலைமாற்றிப் பற்றவைத்தான். கடையில் பாட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கரில் செருகினான். இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை. கம்பியைத் தட்டினான், டொங் என்று கேட்டது. சத்தம் கொஞ்சம் மெலிந்திருந்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் வேறு எப்படிக் கேட்கும் என்று விட்டுவிட்டான். வீட்டுக்குப் போய் ரெஜிலாவிடம் சொன்னான். அவள் எதையும் புரிந்துகொள்ளாமலேயே சந்தோஷப்பட்டாள். அன்று இரவு டம்ளர் ஆடவில்லை.

மறுநாள் முதல் கீர்த்தனையின் முதல் அடியிலேயே அவன் குனிந்து கிட்டாரைப் பார்த்தான். விரல் கம்பியை இழுக்கிறது, கம்பி கண் முன்னால் அதிர்கிறது, ஸ்பீக்கர் பெட்டியில் இருந்து டப்பாவைத் தட்டுவது போல ஒரு சத்தம் வருகிறது. கனம் இல்லை. கீழே ஒன்றுமே இல்லை. இரண்டாவது அடி பாடுவதற்குள் தன் மடத்தனம் என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒயரை மாற்றினால் இரைச்சல் மட்டுமா தலைகீழாகும்? பாட்டும்தான் தலைகீழாகும். முன் காயில் தருகிற சத்தத்தைப் பின் காயில் தின்றுகொண்டிருந்தது. காந்தத்தையும் சேர்த்துத் திருப்பியிருக்க வேண்டும். மோட்டாரில் காந்தத்தை யார் நினைக்கிறார்கள்?

ஒரு வழி இருந்தது. காயிலுக்கு ஒன்றாகக் கிட்டாரில் சத்தக் குமிழ் உண்டு, பின் காயிலின் குமிழைத் திருகி அணைத்தால் பேஸ் முழுசாகத் திரும்பிவரும். கூடவே லாரியும் வரும். ஆராதனை முடிந்ததும் கமிட்டி. அவன் விரல் குமிழ்மேல் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசிவரை திருகவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று இன்னொரு கூத்தும் நடந்தது. முன்பெஞ்சில் தையல்கடை சத்தியபாய் இருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள், காது முக்கால்வாசி அடைந்துபோனவள். எபிசனின் ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில்தான் உட்காருவாள், அதன்மேல் உள்ளங்கையை அகலமாக வைத்துக்கொள்வாள். எபிசனுக்கு அது ஆகவே ஆகாது. பெட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்தான், அவளும் தள்ளி உட்கார்ந்தாள். குமாரதாஸிடம் புகார்கூடச் சொல்லியிருக்கிறான். அன்றைக்குக் கடைசிக் கீர்த்தனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் சத்தியபாய் மட்டும் நின்றுகொண்டு, புத்தகத்தில் கண்ணை வைத்து, அடுத்த சரணத்தை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் பெட்டிமேல் இருந்த கையைத் தூக்கி, அதையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் எபிசனைச் சூழ்ந்துகொண்டார்கள். போதகர் கை குலுக்கினார். பஹ்ரைன்காரன் கைதட்டுகிற படம் போட்டிருப்பதாக யாரோ போனைக் காட்டினார்கள். ஆன்ஸ்லினே வந்து, இன்றைக்குத்தான் எல்லாம் தெளிவாகக் கேட்டது என்றான். கமிட்டி நின்றுகொண்டே முடிவெடுத்துவிட்டது, கிட்டார் சபை நாளுக்கு உண்டு. "கொள்ளாம் மக்கா, இதாக்கும் வாசிப்பு" என்றார் குமாரதாஸ். வாழ்நாளில் முதல் பாராட்டு. வாசிப்பு காணாமல்போன அன்றைக்கு வந்தது. எபிசனுக்கு யாரையாவது அறையலாம் போல இருந்தது. யாரை அறைவது? இத்தனை வருஷமும் ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்றால், இனி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கிட்டாரை உறைக்குள் போட்டான்.

வாசலில் சத்தியபாய் நின்றிருந்தாள். அவனுக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"மக்கா, இன்னைக்கு நீ வாசிக்கல்லியா?"

எபிசன் கிட்டார் உறையைத் தூக்கிக் காட்டினான்.

"எனக்கு கீபோர்டும் கேக்காது, போதகர் சொல்லுததும் கேக்காது. நீ வாசிக்கது மட்டும் கையில வரும். அதப் பிடிச்சாக்கும் நான் பாடுதது. இன்னைக்கு பெட்டி செத்துக் கெடந்து. நான் தனியா பாடிட்டேன், எல்லாரும் சிரிச்சினுமில்லியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ என்று அவள் பயந்திருந்தாள்.

வீட்டில் கோழி வறுத்து வைத்திருந்தது. எபிசன் வீட்டுக்குப் போகவில்லை, கடையைத் திறந்தான். கிட்டாரை மேசைமேல் மல்லாத்தி, பின் காயிலைக் கழற்றினான். அடியில் பட்டையாக ஒட்டியிருந்த காந்தத்தைப் பெயர்த்துத் திருப்பி ஒட்ட வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் அதை ஒட்டி ஓடுகிற செம்பு நூல் ஒரு பெருமூச்சுக்கு அறுந்துபோகும். அறுந்தால் கட்டுவதற்கு அவ்வளவு மெல்லிய கம்பி அந்தக் கடையில் கிடையாது, ஃபேன் கம்பிகூட அதற்கு முன்னால் கயிறு. மாலை ஆராதனைக்குச் சத்தியபாய் வருவாள், மறுபடி கையை வைப்பாள் என்கிற எண்ணம் விரட்டிக்கொண்டே இருந்தது. பசையைச் சூடாக்கி, பிளேடு நுனியை உள்ளே விட்டு, நகர்த்தி, நிறுத்தி, எழுந்து கடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மறுபடி உட்கார்ந்தான். ரெஜிலா போன் அடித்துக்கொண்டே இருந்தாள். காந்தம் கையோடு வந்தபோது நூல் அறுந்திருக்கவில்லை. அதைத் திருப்பி ஒட்டி, காயிலை மறுபடி மாட்டினான்.

மாலை ஆராதனைக்கு எபிசன் சட்டைகூட மாற்றாமல் ஓடினான். முதல் பாட்டில் விரலை வைத்தான். பெட்டியில் இருந்து கனமாக, உருண்டையாக, அடியில் ஒரு முனகலும் இல்லாமல் வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆன்ஸ்லின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமாரதாஸ் காலையில் போலவே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சத்தியபாய் கையை மடியில் வைத்திருந்தாள். காலைக்குப் பிறகு அவளுக்குக் கூச்சம். இரண்டாம் சரணத்தில்தான் மெதுவாக நீட்டி, பெட்டிமேல் விரல்நுனியை வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தாள். பாட்டு முடிந்தது, அவளும் முடித்தாள். எல்லோரும் தலைகுனிந்தார்கள். போதகர் ஜெபத்தைத் தொடங்குவதற்கு முன்னால் சபை ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் இருந்தது. காது கேளாதவளுக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்?

"இப்ப வருது மக்கா."

அது கோயில் முழுக்கக் கேட்டது. நேரலையில் வளைகுடா வரைக்கும் போயிருக்கும். குமாரதாஸ் கண்ணைத் திறந்து முறைத்தார். எபிசன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெபம் முடிந்து அடுத்த பாட்டைத் தொடங்க ஆன்ஸ்லின் இரண்டு தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.