சிவப்பு ரிபனும் வலப்பக்க முறுக்கும்

கரணம் அடித்துக் காலூன்றி நிமிர்ந்தால் முதலில் பல்லுக்கிடையில் மணல் நறநறக்கும். மன்னார், ஓலைத்தொடுவாய்க் கடற்கரை மணல். உப்புக் கரிக்கும், துப்பத் துப்ப வந்துகொண்டேயிருக்கும், இராச் சோற்றில்கூட மிச்சம் மீதி கடிபடும். பன்னிரண்டு வயதில் நான் தின்ற மணலைச் சேர்த்து வைத்திருந்தால் வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கலாம் என்று அம்மா சொல்லுவார். மீள்குடியேற்ற வீட்டைக் கட்டி முடிக்க மணலுக்கும் சீமெந்துக்கும் நாங்கள் அலைந்துகொண்டிருந்த காலம் என்பதால் அந்தப் பேச்சில் பாதி பகிடி, பாதி எரிச்சல்.

சண்டை ஓய்ந்து, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியிருந்தோம். திரும்பியது அப்பாவும் அம்மாவும்தான். நான் முகாமிலேயே பிறந்தவள், எனக்கு இந்த ஊர் புத்தம் புதிது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் "டீச்சர், இங்க உக்காரட்டுமா?" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு என் பெயர் போய் "இந்தியாக்காரி" வந்து ஒட்டிக்கொண்டது. பேசினால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். பேசாமல் செய்யக்கூடிய வித்தை ஒன்று மட்டும் நல்லகாலமாக என் கைவசம் இருந்தது.

அங்கே அதற்குப் பெயர் "பல்டி", இங்கே "கரணம்". முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அக்காமார் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஓடிவந்து, இடக்கையை முதலில் ஊன்றி, கால்களை வண்டிச் சில்லுப்போலத் தலைக்கு மேலால் சுழற்றி, வந்த திசையைப் பார்த்தபடி இரண்டு காலிலும் குதித்து நின்று, நின்ற வேகத்திலேயே பின்பக்கமாக எழும்பி இன்னொரு கரணம் அடிக்கவேண்டும். அந்தக் கடைசிக் கரணத்தில், அந்தரத்தில் இருக்கும்போதே, உடம்பை வலப்பக்கமாக முழுச்சுற்று ஒன்று சுற்றி இறங்குவேன். அந்தச் சுற்றை "முறுக்கு" என்போம். ஏன் வலப்பக்கம் என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது, உடம்பு அந்தப் பக்கமாகப் போனது, அவ்வளவுதான்.

நீளம் பாய்தலுக்கு வெட்டிய மணல் குழியில் நான் முறுக்கு அடித்ததை உடற்பயிற்சி ரீச்சர் கண்டபோது அவர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் கீழே விழுந்தது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர், எங்கள் மேல்வகுப்பு அக்காமாரைவிடச் சற்றே மூத்தவர். அந்தக் கிழமையே ஆறு பெண் பிள்ளைகளைச் சேர்த்து மாகாணப் போட்டிக்கு ஒரு குழு அமைத்தார். மற்ற ஐவரும் வரிசையாகக் கரணம் அடிக்க, கடைசியில் நான் தனியே ஓடிவந்து முறுக்கோடு முடிப்பதாக ஏற்பாடு. மெத்தை வாங்க வழியில்லை. அப்பாவும் அவருடைய கூட்டாளிமாரும் கிழிந்த வலைகளைச் சாக்குகளில் அடைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். மீன் வெடுக்கு மூக்கைத் துளைக்கும். பிள்ளைகள் வராத நாளிலும் பூனைகள் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரீச்சர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வரும் வரைக்கும். வந்தவர் ஒரு சுருள் சிவப்பு ரிபன் கொண்டுவந்தார். யார் எந்தக் கையை முதலில் ஊன்றுகிறாளோ அந்தக் கையில் ஒரு துண்டு கட்டினார். திரும்புவதென்றாலும் சுழல்வதென்றாலும் இனி ரிபன் பக்கம்தான் என்றார். எனக்கு இடக்கையில் விழுந்தது கட்டு.

"கையொரு பக்கம், முறுக்கொரு பக்கமெண்டால் பிறகு ரெண்டு சுத்துச் சுத்தேக்க உடம்பு குழம்பிப்போகும் பிள்ளை. சின்ன வயசிலயே மாத்திப்போடுவம்" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, தலையைத் தடவித்தான் சொன்னார். முறுக்கு இடப்பக்கம் வராவிட்டால் என்னுடைய இடத்துக்கு வேறு பிள்ளையைப் போடவேண்டிவரும் என்பதையும் அதே மெல்லிய குரலில் சொன்னார்.

நாசமாய்ப் போன ரிபன்! ஒரு மாதத்துக்கு மேல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இடப்பக்கம் முறுக்கினால் பாதியில் நின்றுவிடும். குண்டியடிபட விழுவேன், தோள்மூட்டில் விழுவேன், ஒருநாள் பூனையொன்றின் மேலேயே விழப்பார்த்தேன். "விழுறதுக்குப் பக்கம் பாக்கிற பிள்ளையை இப்பதான் காணுறன்" என்று அப்பா சிரிப்பார். "பொம்பிளைப்பிள்ளை தலைகீழா நிக்கிறதே பிழை, இதில வலமென்ன இடமென்ன" என்பது அம்மாவின் தீர்ப்பு. அவர்களுக்குத் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் வராதது மட்டுமல்ல, பழைய வலப்பக்கமும் என்னைவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது. அந்தரத்தில் வானம் எது, மணல் எது என்று ஒரு கணம் தெரியாமல் போகும். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முறுக்கும் இல்லையென்றால் நான் யார்? வாயைத் திறந்தால் சிரிப்பு வாங்கும் இந்தியாக்காரி, வேறென்ன. அதை நினைத்துத்தான் கிணற்றடியில் அழுதேன்.

இந்த இடத்தில் நஸ்ரினைச் சொல்லவேண்டும். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. அவளுடைய குடும்பம் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பியது. அவள் பேச்சுக்கும் வகுப்பில் சிரிப்புத்தான், ஆனால் அவள் என்னைப்போல ஒடுங்கமாட்டாள், திருப்பிக் கொடுப்பாள். கரணம் அடிக்க அவளுடைய உம்மா விடமாட்டார், பார்ப்பதற்குத் தடையில்லை. ஆகவே பார்ப்பதையே அவள் ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டாள். நான் விழுந்தால் ஏன் விழுந்தேன் என்பதற்கு அவளிடம் ஐந்து காரணம் இருக்கும், ஐந்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போட்டிக்கு யார் யார் என்று ரீச்சர் தெரிவு செய்யும் நாளுக்கு முந்திய சனிக்கிழமை கடற்கரையில் நாங்கள் இருவர் மட்டும். வழக்கமாக அவள் கரைப்பக்கம், தென்னை நிழலில் இருப்பாள். அன்று அங்கே வலை காயப்போட்டிருந்ததால், தண்ணீர் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தில் ஏறிக் குந்திக்கொண்டாள். நான் போட்டிருந்தது முகாமில் யாரோ கொடுத்த சட்டை, நெஞ்சில் பெரிய சூரியகாந்திப் பூ. முறுக்கு அடிக்கத் துணிவில்லாமல், ஓடிப்போய் முதற்பாதியை மட்டும் அடித்துவிட்டு நின்றேன்.

"எடியே, பூ!" என்று வள்ளத்திலிருந்து ஒரு கத்தல்.

"என்ன பூ?"

"இவ்வளவு நாளும் அங்கால இருந்து உன்ர முதுகைத்தான் பாத்தனான். இண்டைக்குப் பூ தெரியுது. நீ ஓடேக்க கடல் உனக்கு எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"அப்ப இடக்கையை ஊண்டேக்க உன்ர நெஞ்சு வலப்பக்கமாத்தானே திரும்புது!"

எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையில்லாமல் கீழே குதித்து, பாவாடை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் ஓடும் பாதையில் நின்று மெதுவாகத் திரும்பிக் காட்டினாள். முதலில் முன்னுக்குப் பார்த்தாள். கை ஊன்றும் இடத்தில் கடலைப் பார்த்தாள். கால் ஊன்றும் இடத்தில் வந்த பக்கத்தைப் பார்த்தாள். அப்படியே இன்னும் திரும்பித் தென்னைகளைப் பார்த்து, மறுபடி முன்னுக்கு வந்தாள். எல்லாம் வலப்பக்கமாகவே, ஒரே சுற்று.

"கைதான் இடம். நீ வலம். ரீச்சர் கையைப் பாத்துட்டா, நெஞ்சைப் பாக்கேல்ல" என்றாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருதரம், நாலுதரம், தலை சுற்றும்வரை. அட கடவுளே! உடம்பு திரும்பும் பக்கமே முறுக்கவேண்டும் என்று கொழும்பு சொன்ன விதியில் பிழையில்லை. எந்தப் பக்கம் என்று அளந்த இடத்தில்தான் பிழை. ரிபனை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். இடக்கை ஊன்றி, நின்று, எழும்பி, வலப்பக்கம் விட்டேன். வானம் வானத்தின் இடத்திலும் மணல் மணலின் இடத்திலும் இருந்தன. காலில் நின்றேன். நஸ்ரின் வள்ளத்தின் வயிற்றில் இரண்டு கையாலும் அடித்த சத்தம் இன்னும் கேட்கிறது.

திங்கட்கிழமை ரீச்சரிடம் சொல்லப் போனேன். பயத்தில் வாய் முகாமுக்கே போய்விட்டது: "டீச்சர், ஒரே ஒரு தடவை நடந்து பாருங்க." பின்னாலிருந்து நஸ்ரின், "ஓம் ரீச்சர், நடந்து பாருங்கோ" என்றாள். ரீச்சர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இடக்கையை நீட்டிக்கொண்டு மைதான நடுவில் அடியடியாகத் திரும்பினார். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து திரும்பினார்கள். அதிபர் கந்தோர் யன்னலால் எட்டிப் பார்த்து, இது என்ன கூத்து என்று கேட்டார். ரீச்சர் மூன்றாம் சுற்றில் நின்று தன் கையைப் பார்த்தார்.

"ஐயோ, ஓமடி! மூண்டு நாள் கொழும்பில இருந்து படிச்சதை ரெண்டு பேரும் ஒரு வள்ளத்தடியில திருத்திப்போட்டியள். பிழை என்ரதான் பிள்ளை, உன்னைச் சும்மா விழ வச்சிட்டன்" என்றார்.

ஒரு பெரியவர் எங்களிடம் பிழையை ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. கடலுக்கு அங்காலிருந்து நான் கொண்டுவந்தது அந்த ஒன்றுதான், அதை மாற்றத் தேவையில்லை, அது சரியாகத்தான் இருந்தது. அன்று ஐந்துதரம் முறுக்கு அடித்தேன், ஐந்தும் நின்றது.

போட்டி வவுனியாவில். நாலாம் இடம் வந்தோம். நாலாம் இடத்துக்குப் பதக்கம் இல்லை, ரீச்சர் ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கித்தந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அடம்பன் தாண்டும்வரை பிள்ளைகள் "இந்தியாக்காரி, இந்தியாக்காரி" என்று தாளம் போட்டார்கள். நானும் சேர்ந்து கைதட்டினேன்.

மறுவருடம் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது, குழு கலைந்தது. மணல் குழி இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டில். நல்ல நீல மெத்தைகள் வந்து களஞ்சிய அறையில் பூட்டிக் கிடக்கின்றன, குதிக்கத்தான் ஆளில்லை. நான் மன்னார் நகரில் ஒரு கந்தோரில் நாள் முழுவதும் கதிரையில் இருக்கிறேன். நஸ்ரின் கலியாணம் முடித்து மறுபடி புத்தளத்தில், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள்.

போன மாதம் ஒரு பின்னேரம் கடற்கரையில் ஒருவரையும் காணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். கை ஊன்றியது, கால் சுழன்றது, வந்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றும்விட்டேன். அதற்குப் பிறகு எழும்பவேண்டிய இடத்தில் உடம்பு எழும்பவில்லை. அரையும் குறையுமாய்த் திரும்பித் தொப்பென்று விழுந்தேன். முறுக்கு எப்போது என்னைவிட்டுப் போனதென்றே எனக்குத் தெரியாது, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் உண்மையாகவே அழுகை வந்தது. விழுந்த இடத்தில் இருந்தபடியே நஸ்ரினுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அடிபட்டதா என்று அவள் கேட்கவில்லை.

"எந்தப் பக்கமாத் திரும்பி விழுந்தனீ?" என்றாள்.