கம்பிக்குக் கீழே நின்றவர்

நாச்சிமுத்து சார் இறந்த செய்தி ஆபீஸ் டெலிபோனில் வந்தபோது நான் ஃபாக்டரி வாசலில் வாய்ச்சண்டையில் இருந்தேன். சண்டையும் அவரை வைத்துத்தான். மேல் டிவிஷனிலிருந்து தேயிலைக் கொழுந்தைக் கம்பியில் இறக்கும் ரோப்வேயை அவர் வரும்வரை ஓட்டக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்ல, பறித்த கொழுந்து சாக்கிலேயே வெந்துபோனால் பறித்த பெண்களுக்கு யார் பதில் சொல்வது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்று ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டுபோனவர் இரண்டொரு நாளில் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். கிளார்க் வெளியே வந்து, "சார் ஆஸ்பத்திரியிலயே தவறிட்டாராம்" என்றார். அப்புறம் யாரும் ரோப்வேயைப் பற்றிப் பேசவில்லை. அன்றைய கொழுந்து முழுவதும் மேலேயே கிடந்து வெந்தது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் இன்ஜினியர் அவர். பாலக்காட்டுக்குக் கிழக்கே விவசாயக் குடும்பம். அவர் பங்கு நிலம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. நான் இங்கே தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். எங்கள் இருவருக்கும் ஆகாது. வழியில் பார்த்தால், "ஏனுங்க செக்ரட்டரி, இன்னைக்கு யாருக்குக் கொடி புடிக்கறீங்க?" என்பார். "ஒங்களுக்குக் கறுப்புக் கொடிதான் சார்" என்பேன். சிரித்துக்கொண்டே போவார். அந்தக் கறுப்புக் கொடியை ஃபாக்டரி வாசலில் என் கையாலேயே கட்டினேன்.

எங்கள் எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் ஒருவருக்காவது வேலை இருக்கும்வரைதான் கம்பெனி வீட்டில் குடியிருக்கலாம். அதனால் ஒருவர் விலகினால் அவர் தம்பியோ மகனோ அதே வேலையில் ஏறிக்கொள்வது இங்கே வழக்கம். கொழுந்து பறிக்கிற வேலைக்கு இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் வெல்டர், ஃபிட்டர் என்றால் வளைகுடா நாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் காலம் வந்தது. பம்பாய் ஏஜண்டின் ஆள் மலையேறி வந்துபோன ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஒரு கை குறைந்தது. பாய்லரில் நின்றவர் போனார். ரோப்வேக் கம்பியை அறுந்த இடத்தில் பின்னத் தெரிந்த ஒரே ஆள் போனார். வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க, அந்தந்த இடத்தில் அவரவர் தம்பிமார் ஏறினார்கள்.

வருஷா வருஷம், அடுத்த வருஷத்துக்கு எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று மானேஜர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். அதற்கு முன்னால் எங்களையும் கூப்பிட்டுப் பேசுவார். மலையாளி, நல்ல மனிதர், தமிழ் நன்றாக வரும். "ஒழிவு ஒண்ணுமே இல்ல. எல்லா போஸ்டிலும் ஆள் உண்டு" என்றார் அந்த வருஷம் பெருமையாக. காலியிடத்துக்கு அவர் வாயில் ஒழிவு என்றுதான் வரும். நாச்சிமுத்து சார் தலையைச் சொறிந்தார். "ஆளு இருக்குதுங்க. கைதான் இல்லீங்க" என்றார். பிறகு இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, வருஷத்துக்கு நாலு பையன்களைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மற்றது, வீட்டையும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

"படிப்பு முடிஞ்சா அவன் அடுத்த ப்ளேன் பிடிக்கும். நம்ம செலவில் துபாய்க்கு ஆள் அனுப்பணுமா?" என்றார் மானேஜர்.

"போகட்டுங்க. நாலு பேரு படிச்சா ரெண்டு பேராச்சும் மழைக்காலத்துக்கு இங்க இருப்பாங்க" என்றார் சார்.

முதல் கோரிக்கையை மானேஜர் ஒதுக்கினார். இரண்டாவதை எதிர்த்தவன் நான். "வேல இல்லாதவனுக்கு வீடு குடுப்பான்னு எந்தக் கம்பெனிய சார் நம்பச் சொல்லுதீக? வீடு போச்சுன்னா இந்தச் சனம் எங்க போகும்?" என்று கேட்டேன். நான் கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வீட்டுக்காக வேலை தெரியாதவன் வேலையில் ஏறிவிடுவான் என்று அவர் பயந்ததும் சரிதான். அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ரோப்வேக்கு மோட்டார் கிடையாது. கொழுந்துச் சாக்குகள் கீழே இறங்கும் கனத்திலேயே காலிக் கொக்கிகள் மேலே ஏறும். உச்சியில் பிரேக் பிடிப்பவர் கையில்தான் வேகம் இருக்கிறது. கம்பி போகிற வழி, எங்கள் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடக்கிற பாதைக்கு மேலே. பிரேக் பிடித்த மாடசாமி துபாய்க்குப் போனதும் அவர் தம்பி இசக்கி அந்த வேலையில் ஏறினான். முதல் நாள் காலையில் சார் பாதையில் யாரையும் விடாமல் தடுத்து, கம்பி தாழ்ந்து போகும் இடத்தில் தான் மட்டும் போய் நின்றார். மேலே போய் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்தாச்சுங்க. அவனப் போட்டது நானு. பொம்பளைகளும் கொழந்தைகளும் நடக்கற எடத்துல மொதல்ல நாந்தானுங்களே நிக்கோணும்?"

சாக்கு மிதமிஞ்சிய வேகத்தில் வந்தது. ஆடி, இரும்புத் தூணில் அடித்துக் கிழிந்தது. கொழுந்து அவர் தலைமேல் கொட்டியது. நான் அலறினேன். அவர் சட்டைக்குள் விழுந்த இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு மலையேறினார். இசக்கியைத் திட்டவில்லை. மழைக்காலம் முடியும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இசக்கியும் நன்றாகத்தான் தேறினான். அவ்வளவு நன்றாகத் தேறியதால் அடுத்த தடவை ஏஜண்டின் ஆள் அவனையே கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் வீட்டில் இனித் தம்பியும் இல்லை. பிரேக்கை சாரே பிடித்தார். பாய்லரையும் பார்த்தார், கம்பியையும் பார்த்தார். லீவு போடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். "போட்டா யாருங்க புடிக்கறது? நீங்க கொடிதான புடிப்பீங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் செய்த கேலி.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி பழனாத்தா என் வீட்டுக்கு வந்தார். மகன் சண்முகம் பின்னால் தலைகுனிந்து நின்றான். காமர்ஸ் படித்தவன், ரோப்வேயைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"அண்ணா, ஊட்டைக் காலி பண்ணச் சொல்லீட்டாங்க. அந்த பிரேக்கு வேலையப் பையனுக்கு வாங்கிக் குடுங்க."

நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "அவரு இருந்தா ஒத்துக்கமாட்டாருன்னு எனக்குந் தெரியும்ங்க. ஆனா அவரு இல்லீங்களே."

எத்தனையோ குடும்பங்களுக்காகப் போய் நின்றவன் அவர் குடும்பத்துக்கு மட்டும் மாட்டேன் என்பேனா? மானேஜரிடம் போனேன். அவருக்குச் சந்தோஷம். "அப்போ ஒழிவு இல்ல" என்றார். சண்முகத்துக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

வரும் திங்கட்கிழமை காலை சண்முகம் பிரேக்கில் ஏறுகிறான். மழை பிடித்துவிட்டது, உச்சியில் நிற்பவருக்குப் பாதை தெரியாத அளவுக்கு மூட்டம். கம்பியில் பின்னல் போட்ட இடத்தைக் கொக்கி கடக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும். எப்போதும் வருகிற சத்தம்தானா, புதிதா என்று கேட்டுச் சொல்லக்கூடிய ஒருவர்கூட இப்போது இந்த எஸ்டேட்டில் இல்லை. அந்தச் சத்தம் என் காதிலேயே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையை, நேர்மையைப் பலரும் எடுத்துக்கொண்டு போனீர்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது, பாதையில் கம்பி தாழ்ந்து போகும் அந்த இடம். பெண்களையும் பிள்ளைகளையும் ஓடைப் பக்கமாகச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறேன். இந்த ஆளைப் போட்டது நான். முதல் சாக்கு இறங்கும்போது அங்கே நான்தான் நிற்பேன்.