நேரம் முடிந்த பிறகும் ஓடும் ஜீப்பு

இந்த ஊரில் எதையும் ஒரு முறைதான் கேட்பார்கள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு டச்சுக்காரி ரியா அம்மாள் காபி குடிக்கக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்ததும் ஒரு தகர டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டி, "கூக்யெ?" என்றாள். பிஸ்கட்டுக்கு இங்கே அதுதான் பெயர். எனக்கோ நல்ல பசி. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, மகன் சொல்லிக்கொடுத்திருந்த நாலைந்து டச்சு வார்த்தைகளில் ஒன்றான "நே"யைச் சொன்னேன். வேண்டாம் என்று அர்த்தம். உடனே டப்பாவின் மூடி டப்பென்று விழுந்தது. டப்பா அலமாரிக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முந்தானையில் துடைத்துத் தயாராக வைத்திருந்த என் கை மடியிலேயே கிடந்தது. வெறும் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வேண்டாம் என்பது பேச்சை ஆரம்பிக்கிற ஒரு வழி. சங்கராபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றும்போதே "காப்பி குடிக்கிறியா?" என்பாள். "வேணாங்க அண்ணி, இப்பத்தான் வூட்ல குடிச்சிட்டு வரேன்" என்பேன். இரண்டு பஸ் மாறி வந்தவள் வீட்டில் குடித்த காபி எந்தக் காலத்துக் காபி என்பது இருவருக்குமே தெரியும். "இன்னா, எங்க வூட்டுக் காப்பி உனக்கு எறங்காதா?" என்பாள். "அதுக்கில்லங்க, எதுக்கு உங்களுக்கு சிரமம்" என்பேன். மூன்றாம் தடவை கேட்கும்போதே டம்ளர் கைக்கு வந்துவிடும். உண்மையிலேயே வேண்டாம் என்றால் வாயால் சொல்லிப் பயனில்லை, எழுந்து போய்விட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றால், கொடு என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்காரர் தவறிய பிறகு மகன் முருகவேல் என்னை இங்கே, நெதர்லாந்தில் ஐந்தோவன் என்கிற ஊருக்கு அழைத்து வந்துவிட்டான். அவனும் மருமகள் கவிதாவும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். நான் தாளில் எழுதித் தருகிற இதை டைப் அடிப்பவளும் கவிதாதான். அவள் எங்கே சிரிக்கிறாளோ அங்கே சரியாக எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்கிறேன். பகலில் வீட்டில் பேச்சுத் துணை கிடையாது. துணி துவைக்கிற மெஷின் மட்டும் வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடும். அதற்கு நான் "வரேன், வரேன்" என்று பதில் சொல்லுவேன்.

இந்த வீட்டில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. ரெட்ரோ கன்சோல் என்கிறார்கள். ரெட்ரோ என்றால் பழசு, ஆனால் புதுசை விட விலை ஜாஸ்தி கொடுத்து வாங்குகிற பழசு. நம் பிள்ளைகள் டிவி கேம் என்று சொன்ன விளையாட்டுகளை எல்லாம் அதற்குள் அடைத்து வைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இதே மாதிரிப் பெட்டியை வைத்து ஒருவர் கடை நடத்திவந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் முருகவேலைக் காணோம் என்று தேடி, அந்தக் கடையில் கண்டுபிடித்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவள், அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "இந்தக் கேடு கெட்ட பொட்டிய இன்னொரு வாட்டி தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!" காய்கறிக்காரர் தராசைப் பிடித்தபடி நின்று வேடிக்கை பார்த்தார்.

இப்போது அந்தக் கேடு கெட்ட பெட்டியைப் பகலெல்லாம் தொட்டுக்கொண்டிருப்பவள் நான்தான். இது மகனுக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்துக்கும் விடமாட்டான் என்று அப்போதெல்லாம் பயம். அதனால் அவர்கள் வருவதற்குள் ஒயரைச் சுருட்டி, இருந்தது இருந்தபடி வைத்துவிடுவேன்.

நான் ஆடுவது ஒரே ஒரு ஆட்டம். மலைப் பாதையில் ஒரு சிவப்பு ஜீப்பை ஓட்டிக்கொண்டு உச்சிக்குப் போகவேண்டும். மேலே ஒரு கடிகாரம் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நான் ஒரு நாளும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம். நேரம் முடிந்தாலும் வண்டி நிற்காது. புள்ளி தராது, அவ்வளவுதான். பிறகு அவசரமில்லாமல் ஓட்டிக்கொண்டே போகலாம். என் வீட்டுக்காரர் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப்பு ஓட்டினவர். கல்வராயன் மலைப் பாதையில் அவரோடு ஏறினபோதெல்லாம் நான் செய்தது ஒரே வேலை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பது. மலையில் அருவி இருக்கிறது, மரம் இருக்கிறது என்பார்கள். நான் பார்த்தது என் மடியைத்தான். ஒரு தடவை, வண்டி நிற்கும்போது சும்மா ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். "கைய எடு. நீ தொட்டா வண்டி மல ஏறாது" என்றார். இங்கே ஏறுகிறது. வாந்தியும் வருவதில்லை.

சனிக்கிழமை மத்தியானமானால் முருகவேலின் கூட்டாளிகள் இருவர் வருவார்கள். ஒருவன் ரஃபீக். சங்கராபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, முருகவேலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அந்தச் சந்துக் கடையில் கூடவே குந்தியிருந்தவன். இன்னொருவர் யெரோன். இந்த ஊர்க்காரர், மகனோடு வேலை செய்கிறவர், நிலைப்படியில் குனிந்து வரும் உயரம். மூவரும் நாற்பதைத் தாண்டினவர்கள். இவர்கள் கூடி என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அந்தப் பழைய விளையாட்டுகளில் எது காலத்துக்குத் தாங்கியிருக்கிறது, எது தாங்கவில்லை என்று. ஊரில் பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துகூட இவ்வளவு சூடாக நடந்து நான் பார்த்ததில்லை.

யெரோன் இங்கிலீஷில் நிதானமாகப் பேசுவார், ரஃபீக் எனக்குத் தமிழில் சொல்லுவான். "சின்ன வயசு ஞாபகத்த தள்ளி வெச்சிட்டு, இன்னிக்குப் புதுசா பாக்கற மாதிரி பாக்கணும்னு சொல்றாரும்மா. அப்பதான் நியாயமாம்." பிறகு அவர் பக்கம் திரும்பி, பாதி இங்கிலீஷிலும் பாதி நம் பேச்சிலும் சண்டைக்குப் போனான். "சின்ன வயச எடுத்துட்டா இதுல இன்னா இருக்குது? வெறும் பொட்டிதான் இருக்குது!" ரஃபீக்குக்கு இரண்டு பேர் பீரங்கி வண்டி ஓட்டுகிற ஆட்டம்தான் உசத்தி. முருகவேலுக்குத் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுகிற ஆட்டம். யெரோனுக்குக் கோட்டைக்குள் குதித்துக் குதித்துப் போகிற ஆட்டம். படம் எப்படி, இசை எப்படி, பட்டன் சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று முருகவேல் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு மார்க் கொடுத்தான். அந்தக் காலத்தில் அவன் கணக்குப் பாடத்துக்கு இப்படிக் கட்டம் போட்டிருந்தால் நான் சந்துக்குப் போயிருக்கவே வேண்டாம்.

நான் பார்த்த வரைக்கும் விளையாட்டுகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. ரஃபீக்குக்கு முன் தலையில் முடி இல்லை. முருகவேலுக்குத் தொப்பை மடியில் இறங்கிவிட்டது. யெரோன் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால் சோபாவைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகுவார். எது காலத்துக்குத் தாங்கவில்லை என்று மூன்று பேரும் டிவியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பேச்சு தீர்ப்பு வரைக்கும் போய்விட்டது. ஒரே ஆட்டமே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப இருக்கிறது, தேடுவதற்குள் பொழுது போய்விடுகிறது, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இந்த ஊரில் அது ஒரு நோய். கொஞ்ச நாள் போடாத சட்டை என்றால் உடனே மூட்டை கட்டிக் கொடுத்துவிட வேண்டும். நான் அடுப்பங்கரையில் மசால் வடை தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்தின் பாட்டும் கேட்கும், ஏதோ சொல்லிக்கொள்வார்கள், பாட்டு நின்றுவிடும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, என் காது முழுக்கக் கூடத்திலேயே இருந்தது. ஜீப்பு ஆட்டத்தின் பாட்டு கேட்டதும் வெந்தும் வேகாத வடையைத் தட்டில் அள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"இதுவா? பூரா மொக்கடா" என்றான் என் மகன்.

யெரோன் உதட்டைப் பிதுக்கினார். "டைமர் சரியில்லன்றாரு" என்று ரஃபீக் எனக்குச் சொன்னான். "நேரம் முடிஞ்சா ஆட்டம் முடியணும். முடிஞ்ச பெறகும் வண்டி ஓடிக்கினே இருக்குதாம். செஞ்சவன் தூங்கிட்டான்றாரு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தத் தெரு, அந்தத் தராசு, அந்தக் காது எல்லாம் கூடவே வரும். யெரோன் மரியாதைக்காரர். நான் தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடமும் ஏதோ கேட்டார். முருகவேல் சிரித்துக்கொண்டே, "மா, ஜீப்பு கேமு உனக்கு வேணுமான்னு கேக்குறாரு" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம். வேணாம், வேணாம்" என்றேன்.

சொல்லிவிட்டு நகரவில்லை. வடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன். இன்னும் ஒரு தடவை கேட்பார்கள், இரண்டாம் தடவை கொஞ்சம் இழுத்து, "இருந்துட்டுப் போவட்டுமே" என்று சொல்லலாம் என்று வார்த்தையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். யெரோனுக்கு என் வீட்டில் சாப்பிட்டுப் பழகினதில் "வேணாம்" என்ற வார்த்தை தெரியும். தலையாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

"டேய் இர்ரா! அம்மா நகராம நிக்கிறாங்க பாரு!" என்று ரஃபீக் கத்தினான். அதற்குள் பாட்டு நின்றுவிட்டது.

"அய்யோ, போச்சா?" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரஃபீக்தான் முதலில் கேட்டான். "அம்மா, இத நீங்க ஆடறீங்களா?" நான் தட்டை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினேன். முந்தானையால் மூடியும் முகத்தின் சூடு ஆறவில்லை. சங்கராபுரத்துப் பிள்ளைக்கு நான் நிற்பதன் அர்த்தம் தெரிந்தது. என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரியவில்லையே என்பதும் கூடச் சேர்ந்துகொண்டது. அவனும் ஒரு தடவை கேட்கிறவனாக ஆகிவிட்டான்.

பின்னாலேயே வந்தான். எதிர்பார்த்தபடி தன் காதைப் பிடித்துக் காட்டினான். "இந்தக் காத பிடிச்சி இழுத்துக்கினு வந்தது யாரு? கேடு கெட்ட பொட்டின்னது யாரு?"

"நீ பரிச்சய வெச்சிக்கினு ஆடின. எனக்கு நாளைக்கு இன்னா பரிச்ச இருக்குது?" என்றேன்.

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "பகல்லாம் இதத்தான் ஆடிக்கினு இருந்தியா மா?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் என்னிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டது போல இருந்தது எனக்கு. "வேற இன்னா பண்றது" என்றேன்.

கூடத்தில் யெரோன் பயந்துபோயிருந்தார். பெரிய தவறு ஏதோ செய்துவிட்டதாக நினைத்து ரஃபீக்கைக் குடைந்துகொண்டிருந்தார். ரஃபீக் மூன்று தடவை கேட்கும் முறையை விளக்கினான். "அப்ப நெஜமாவே வேணாம்னா எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டதையும், "எழுந்து போயிடுவாங்க" என்று தான் சொன்னதையும் பிறகு எனக்கு நடித்துக் காட்டினான். யெரோன் கொஞ்ச நேரம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இத்தனை மாதமாக அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல நான் அவர் தட்டில் போட்டுக்கொண்டே இருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியதாம். பாவம், அந்த மனிதர் நிஜமாகவே போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அழித்தது அழித்ததுதான், பெட்டியில் திரும்ப வரவில்லை. ஆனால் அதே ஆட்டத்தின் பழைய கேசட்டும் அதைப் போட்டு ஆடுகிற பழைய மெஷினும் யெரோன் வீட்டு அலமாரியில் இருப்பதாகவும், அடுத்த வாரம் கொண்டுவருவதாகவும் மகன் சொன்னான். அந்த வாரம் முழுக்க நான் ஒத்திகை பார்த்தேன். துணி மெஷினுக்கு முன்னால் நின்று "யா" என்பேன். யா என்றால் ஆமாம். கேட்ட மாத்திரத்தில், கூச்சப்படாமல், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். பிறந்ததிலிருந்து நான் எதையும் முதல் தடவையிலேயே வேண்டும் என்று சொன்னதில்லை. கல்யாணத்துக்குக்கூட இல்லை.

சனிக்கிழமை யெரோன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், பாலிதீன் உறையில் போட்ட கேசட்டை இரண்டு கையாலும் நீட்டி, "வேணுமா?" என்றார், தமிழில்.

"யா" என்றேன். கையையும் நீட்டிவிட்டேன்.

அவர் கேசட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நெற்றியைச் சுருக்கி, யோசித்து, "வேணுமா?" என்றார் மறுபடியும். "யா, யா" என்றேன். என் கை நீட்டினபடியே இருந்தது. அவரும் பாவம் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் தடவையும் கேட்டு முடித்த பிறகே கொடுத்தார். உள்ளேயிருந்து ரஃபீக் சிரித்த சிரிப்பில் ரியா அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

அன்றைக்கு முதல் முறையாக எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஓட்டினேன். முருகவேல் பக்கத்தில் குந்தி, "மா, வலது பக்கம் போ, வலது பக்கம் போ" என்று கத்திக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்தில் இந்த ஊரைப் போலவே வலப்பக்கம்தான் பாதை. இடது பக்கம் போனால் எதிரில் வருகிற லாரி இடிக்கிறது. வலது பக்கம் திருப்பினால், வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கச்சிராயபாளையத்திலிருந்து இடப்பக்கமாகவே ஏறிப் பழகின என் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் எப்போதும் நடுக்கோட்டின் மேலேயே ஓட்டுகிறேன். இரண்டு பக்கத்து வண்டிகளும் ஹாரன் அடிக்கின்றன. மேலே கடிகாரம் எப்போதோ பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஜீப்பு மலை ஏறிக்கொண்டிருக்கிறது.