தாய்ஸ்தோ சொல்லாத நிறுத்தம்

தாய்ஸ்தோவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். தலை நரைத்துவிட்டதே என்று திடீரென்று மரியாதை கூட்டினால், 'மார்கெட்டாவுக்கு இப்ப என்ன வேணுமாம்?' என்று என்னையே சந்தேகப்படுவான்.

அவன் சந்தேகப்படாத பொருள் எங்கள் ஊரில் இல்லை. வானிலை சொல்பவருக்கும் குளிர்கால டயர் விற்பவர்களுக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்பான். பெட்ரோல் பங்க்கில் நேற்றைய காப்பியைக் கலந்து ஊற்றுகிறார்கள் என்று சொல்லி, வீட்டிலிருந்தே ஃப்ளாஸ்க் கொண்டுவருவான். கடையில் தள்ளுபடி போட்டிருந்தால் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிடுவான்.

அவன் வேலை நடமாடும் நூலகப் பேருந்து ஓட்டுவது. எங்கள் கைனூ வட்டாரத்தின் காட்டுச் சாலைகளில் அந்த நீல வண்டியை அறியாதவர்கள் கிடையாது. வண்டியில் அவன் மட்டும்தான். ஓட்டுவதும் புத்தகம் கொடுப்பதும் அவனே. நான் நகர நூலகத்தில் இருந்துகொண்டு அவன் கேட்பதை அடுக்கிக் கொடுப்பவள்.

அவனுடைய சந்தேகம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பொரு சமயம், சேவையை மேம்படுத்தப் போவதாகச் சொல்லி, எந்த நிறுத்தங்களில் ஆள் குறைவு என்று நகராட்சியில் கேட்டார்கள். தாய்ஸ்தோ வெள்ளந்தியாகச் சொன்னான். அடுத்த மாதமே அந்த நிறுத்தங்கள் எடுபட்டுப் போயின. அன்று முதல், யாராவது கருத்து கேட்டாலே கத்தி தீட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

அப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் புதுத் தலைமை நூலகர் அன்னுக்கா, வழி சொல்லும் செயலியோடு ஒரு டேப்லெட்டை நீட்டினாள்.

"இதுல என்ன வசதி குறையுதோ, அதை இதுலயே எழுதி அனுப்பலாம். கம்பெனிக்காரங்க சேர்த்துக் குடுப்பாங்க" என்றாள்.

"எனக்கு வழி தெரியும்."

"உனக்குத் தெரியும் தாய்ஸ்தோ. உனக்குப் பதிலா யாராச்சும் வந்தா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. அவன் டேப்லெட்டை வண்டிக்குக் கொண்டுபோய், சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அதன் கேமரா மேல் தொங்கவிட்டான்.

"அதுக்கென்ன, குளிருதா?" என்று கேட்டேன்.

"சிரி, சிரி. தனக்குத் தெரியாததை எல்லாம் என்கிட்டயே கேக்குது. சொல்லி முடிச்சப்புறம் நான் எதுக்கு?"

ஆனாலும் எழுதினான். எழுதாவிட்டால் அதை வைத்து ஏதாவது செய்வார்களே! மூஸ் மான்கள் சாலையைக் கடக்கும் நேரத்தைக் காட்டும் வசதி இல்லை என்று எழுதினான். பனி ஒதுக்கும் வண்டிக்காரன் யாரோடு கோபத்தில் இருக்கிறான், எந்தச் சாலையைக் கடைசியில் தள்ளுவான் என்று காட்டவில்லை என்று எழுதினான். கம்பெனியிலிருந்து காஸ்பெர் என்று ஒருவன் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டான். 'அருமையான கருத்து, மிக்க நன்றி தாய்ஸ்தோ! இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?'

"பாத்தியா, விவரம் கேக்கறான்" என்று அதை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத்தனை நன்றி சொல்றவன் நம்ம ஆளே இல்ல. ஒண்ணு மெஷினா இருக்கணும், இல்லாட்டி ஸ்வீடன்காரனா இருக்கணும்."

அந்த நாட்களில் எனக்கும் அவன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. தன் சொந்த நூலக அட்டையில் ஒலிப்புத்தகத் தட்டுகளாக எடுத்துக்கொண்டு போவான். துப்பறியும் கதைகள், கடற்பயணக் கதைகள், நடுவில் ரோஜா வளர்ப்பு. தாய்ஸ்தோ இருப்பது மூன்றாவது மாடியில்.

"யாரு அந்த ரோஜாக்காரி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உன் வேலையப் பாரு" என்றான். காது மட்டும் சிவந்துபோயிற்று. பெண் விஷயம்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஜனவரியில் அவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. பதிலுக்கு வந்தவர் வெசா, பள்ளி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். செயலி திரும்பு என்றால் திரும்புவார், நில் என்றால் நிற்பார். வண்டி எங்கேயும் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. தாய்ஸ்தோவின் அட்டையில் இருந்த ஒலித்தட்டுகள் மட்டும் திரும்பி வரவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் அன்னுக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கருத்தைக் காட்டினாள். செயலிக்குப் போகும் கருத்துகளின் நகல் எங்களுக்கும் வரும். வெசா எழுதியிருந்தார்: 'மேட்டு வீட்டுக்குப் பிரியும் முனையில் தபால் பெட்டிக் கம்பத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பு வாளி தொங்குகிறது. சாலையில் பள்ளம் என்று யாரோ எச்சரிக்கிறார்கள் போலிருக்கிறது. இப்படிப்பட்ட தடைகளைக் குறிக்க இதில் வசதி இல்லை.' கீழே காஸ்பெரின் பதில்: 'அருமையான கருத்து, மிக்க நன்றி வெசா! வசதி சேர்த்துவிட்டோம். இனி உங்கள் வழி அந்த முனையைத் தவிர்த்தே போகும்.'

தாய்ஸ்தோ சிரிக்கட்டும் என்று, ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வாளியா? இன்னுமா தொங்குது?"

"ஏன், உன் வாளியா அது?"

"கார் சாவிய எடு மார்கெட்டா. என்னை ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

டாக்டர் சொன்னதை அவன் கேட்பதே புதுசு. வழியில் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வந்தது. மேட்டு வீட்டில் ஹெல்லெவி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் கணவன் அர்வி பக்கவாதத்தில் படுத்தவன், பார்வையும் போய்விட்டது. நாள் முழுக்க அவனுக்கு ஒலிப்புத்தகம்தான். ரோஜா வளர்ப்பு ஹெல்லெவிக்கு. புத்தகம் வேண்டுமென்றால் அவள் வாளியைத் தொங்கவிடுவாள். தாய்ஸ்தோ முனையில் நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பான். கணவனைத் தனியே விட்டுவிட்டு அவள் பனியில் கீழே ஓடி வந்து, வாளியிலிருந்து பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் போவாள். பட்டியலில் இல்லாத நிறுத்தம்.

"அவ நமக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"நான்தான் போடாதேன்னு சொல்லியிருந்தேன். ஒருத்திக்காக வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சா வெட்டிருவாங்க. செயலிக்கும் அதனாலதான் சொல்லல. மத்ததெல்லாம் எழுதினேன். இதை மட்டும் எழுதல."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். ஒருவன் மூஸ் மானைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மனுஷியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இருப்பானா?

வாளி அங்கேயே இருந்தது. அதற்குள் பனி நிறைந்து, பனிக்கடியில் பிளாஸ்டிக் பையில் தட்டுகள் இருந்தன. தாய்ஸ்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டை ஏறினான்.

ஹெல்லெவி கதவைத் திறந்தாள். முதலில் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கிய நூலக அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மாட்டிக்கிட்டியா?" என்று அவனிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆபரேஷன் ஹெல்லெவி. வண்டிய வேற ஆள் ஓட்டினாரு."

"வண்டி நிக்காமப் போறத ஜன்னல் வழியா பாத்தேன். உன்னை வேலைய விட்டே எடுத்துட்டாங்க, என்னாலதான்னு நினைச்சேன். கேக்கலாம்னா, யார்கிட்டயும் பேசாதேன்னு நீதானே சொல்லியிருக்கே. அப்புறம், எங்க மேல சலிச்சுப்போச்சு போலன்னும் நினைச்சேன்."

"அர்வி?"

"ஆரம்பத்துல தினமும் கேட்டாரு, புது கதை எங்கேன்னு. இருக்கற ஒண்ணையே திருப்பித் திருப்பிப் போட்டேன். இப்பல்லாம் கேக்கறதே இல்ல."

பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அவள் காப்பி போட்டாள். தாய்ஸ்தோ கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அன்னுக்காவை அழைத்தான். நாங்கள் சாட்சிகள் போலிருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில் எல்லாவற்றையும் சொன்னான், வாளியைக்கூட விடவில்லை.

"வீட்டுச் சேவைன்னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கே தாய்ஸ்தோ" என்றாள் அன்னுக்கா. "படுத்த படுக்கையா யாராச்சும் இருந்தா வண்டி முற்றத்துக்கே போகலாம், கட்டிலுக்கே கொண்டுபோய்க் குடுக்கலாம். அதை யாரும் வெட்ட முடியாது. நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. நீ வாயத் திறந்திருந்தா போதுமே!"

"அதுல ஏதாவது..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த தாய்ஸ்தோ நிறுத்திக்கொண்டான்.

ஹெல்லெவி வாசலில் கிடந்த தன் பூட்ஸைப் பார்த்தாள். ஒன்றின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "ஒரு தடவை நான் கீழ வந்த நேரத்துல இவர் கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு. திரும்பி வர்ற வரைக்கும் தரையிலயே கிடந்தாரு. உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ வராம இருந்துடுவியோன்னு" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாய்ஸ்தோ எழுந்தான். வரும் வழியில் நூலகத்தில் நிறுத்தி அவசரமாக நான் அள்ளி வந்திருந்த புதுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்குப் போனான். இத்தனை வருஷத்தில் அர்வியை அவன் பார்த்ததே இல்லை. அர்விக்கு அவன் என்றால் கீழேயிருந்து கேட்கும் இரண்டு ஹாரன் சத்தம், அவ்வளவுதான்.

"யாரு வந்திருக்கறது?" என்று கட்டிலிலிருந்து குழறலாகக் குரல் வந்தது.

"தாய்ஸ்தோ" என்றாள் ஹெல்லெவி. "லைப்ரரி வண்டிக்காரர்."

அர்வி முகத்தை வாசல் பக்கம் திருப்பினான்.

"ஹாரன் அடிக்கலையே" என்றான். "இப்ப என்ன வேணுமாம் அவனுக்கு?"

தாய்ஸ்தோ தட்டுகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.