மன்மதனின் கிரீடமும் ஒழுகுகிற லொறியும்

லொறியின் பிரேக் ஆயில் முழுவதும் என் இடது முழங்காலில் கொட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு வளைவில் என் கதை முடிந்துவிடும்: பூண்டுலோயாப் பாதையில் நான் மனமார நம்பிய சங்கதி இது. ஹட்டனில் தையற்கடை வைத்துப் பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிறவன், நம்பினேன்.

மாசி மாதத்து விடியற்காலை. மாவு மூட்டைகளோடு பூண்டுலோயாவுக்குப் புறப்பட்ட முத்தையா அண்ணனின் லொறியில் தொற்றிக்கொண்டேன். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன கிழட்டு வண்டி. என் மடியில் மன்மதனின் கிரீடம். அங்கே ஒரு தோட்டத்தில் அன்று, சிவன் மன்மதனை எரிக்கிற காமன் கூத்து. மன்மத வேஷம் என் தங்கை புருஷனுக்கு. "கிரீடம் என் பொறுப்பு" என்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் பீற்றியிருந்தேன். அட்டை, சிவப்பு ஜிகினாத்தாள், மாப் பசை. ஈரம் பட்டால் கூழ்.

மாசியில் மழையா என்று கேட்காதீர்கள். ஊர் எல்லையிலேயே பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு மேலிருந்து ஒரு சொட்டு இறங்கி என் முழங்காலில் உட்கார்ந்தது.

"அண்ணே, ஒழுகுதே!"

"ஒழுகல டெய்லரே. மழ கொஞ்சம் ஒதுங்க வருது. நகந்து ஒக்காருங்க."

நகர்ந்தேன். சொட்டும் நகர்ந்தது. கிரீடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டெவன் அருவி மூட்டத்துக்குள் சத்தமில்லாமல் தொங்கியது, யாரோ மலையில் வெள்ளைச் சேலையைக் காயப்போட்டு மறந்துவிட்டதுபோல. தேயிலைச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்தன. லொறி போகிறதா, மலை போகிறதா என்று தெரியவில்லை.

பதினொரு மைல் தாண்டித் தலவாக்கலையில் நிறுத்தினார். கண்ணாடி ரப்பரில் வெடிப்பு இருக்குமென்று சவர்க்காரத்தைப் பிசைந்து சுற்றிலும் அப்பினார். சொட்டு சட்டை செய்யவில்லை. "தண்ணி ஒரு எடத்துல நொழைஞ்சு இன்னொரு எடத்துல எட்டிப்பாக்கும்" என்று முனகியபடி தேநீர்க் கடைக்குள் போனார். நான் இறங்கவில்லை, கிரீடம் நனையுமே! அந்தச் சாரல் தாலாட்டில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பூண்டுலோயாப் பாதை. பக்கத்தில் பள்ளத்தாக்கு, அடியில் மேகம். முழங்காலில் ஏதோ பட்டது. பார்த்தேன். செம்பழுப்பு. இன்னொன்று. அதுவும் செம்பழுப்பு. பிரேக் ஆயில் ஏன் கூரையிலிருந்து வரவேண்டும் என்று கேட்க எனக்குள் யாரும் விழித்திருக்கவில்லை.

"பிரேக் போச்சு! அண்ணே, பிரேக் போச்சு!"

லொறி நின்றது. கதவைத் திறந்து, கிரீடத்தோடு குதித்து, தேயிலைச் செடிகளுக்குள் ஓடினேன்.

முத்தையா அண்ணன் அடுத்த சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார்.

"சாயம் நல்லாத்தான் எறங்கியிருக்கு. சீனிதான் இல்ல."

"என்னாது?"

"தேத்தண்ணிங்க! பிரேக் போச்சுன்னு கத்துனீங்க, நான் எதப் போட்டு நிப்பாட்டுனேன்?"

கூரை மூலையில் பழைய பட்டாள விளக்கைக் கழற்றிய ஆணித்துளை ஒன்று இருந்ததாம். சந்தேகம் தீர, கடையில் தேயிலைத் தூள் வாங்கிக் கந்தல் துணியில் முடிந்து, துளைக்கு நேர் கீழே தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் செருகியிருக்கிறார். சொட்டு நிறமாக வந்தால் ஓட்டை அங்கேதான். என்னை எழுப்ப மனம் வரவில்லையாம்.

மேலே ஏறி, டயர்த் துண்டொன்றைக் கூராகச் சீவி, தார் தடவித் துளையில் அறைந்தார். நான் கீழே நின்று வாய்பிளந்து பார்த்தேன். மூட்டம் என்னைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது, கொழுந்து வாசனை, உயிர் பிழைத்த சுகத்தில் உலகமே அழகாயிருந்தது.

அவர் இறங்கி வந்து என் சட்டையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். நெஞ்சிலிருந்து இடுப்புவரை சிவப்புச் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

"மன்மதன எரிக்கத்தான் செய்வாங்க டெய்லரே. நீங்க முக்கிப்புட்டீங்களே!"

அதன்பின் பூண்டுலோயாவரை லொறிக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அதற்கு முன்பும் கிரீடத்தின்மேல் ஒன்றுகூட விழுந்ததில்லை. அது நனைந்தது நான் மழைக்குள் குதித்த பிறகுதான். அன்று என் மைத்துனர் தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு மன்மதனாக ஆடினார்.